வேலனும் ஸ்கேன் சென்டரும்: உள-உடல் நோய் குறித்துச் சில குறிப்புகள்

1

காட்டூரில் தஞ்சாவூர் சாலையை ஒட்டியுள்ள ஏதாவது ஒரு மருந்துக்கடையில் இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான். கேஸ் மாத்திரை, தலைவலி மாத்திரை, அப்புறம் 'நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, ஏதாவது குடுங்க.' கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்பதில்லை. எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவரும் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை.

என் அப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். 'பெல்' நிறுவனத்துக்கு வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் போர்மேனாக இருந்தார். ஆர்டர் குறைந்தது, பட்டறை மூடப்பட்டது, அப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி ஆனார். அதற்குப் பிறகு வயிற்றெரிச்சல். அம்மாவுக்கு வேறு மாதிரி: உடம்பெல்லாம் அசதி, நெஞ்சில் பாரம், காரணமில்லாத அழுகை. அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் 'எல்லாம் மனசுதாம்மா, டென்ஷன் ஆகாதீங்க' என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டு உடல்கள். ஒன்றுக்கு உடம்பு மட்டும் இருந்தது, மற்றதற்கு மனசு மட்டும் இருந்தது.

இந்தப் பங்கீட்டை யார் செய்தது, எந்த அடிப்படையில் செய்தது என்பதைப் புரிந்துகொள்ளும் முயற்சியாகவே நான் உள-உடல் மருத்துவம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது அந்நியமான துறை. ஆனால் வாசிக்க வாசிக்க, இதில் பாதி நமக்கு அகத்திணையில் பாடமாக இருந்ததே என்று தோன்றியது. அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2

மனம் உடலைத் தாக்கும் என்பது எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும். அது எப்படி நிகழ்கிறது என்பதை மருத்துவம் தற்செயலாகத்தான் பார்த்தது. 1822இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பைக்குப் போகும் துளை மூடவே இல்லை. இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அந்தத் துளை வழியாக வருடக்கணக்கில் செரிமானத்தைப் பார்த்துப் பதிவு செய்தார். செயின்ட் மார்ட்டின் கோபமாக இருந்த நாள்களில் இரைப்பையின் உட்சுவரும் செரிமானமும் மாறுவதைக் கண்டார். 1833இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் தொடக்கப் பிரதிகளில் ஒன்று. ஒரு கூலித் தொழிலாளியின் ஆறாத காயம்தான் ஜன்னலாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிறகு வால்டர் கேனன், பயமும் கோபமும் அட்ரினல் சுரப்பியையும் தன்னியக்க நரம்புகளையும் இயக்கி உடலைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்வதை 1915இல் ஒரு நூலாக எழுதினார். ஹான்ஸ் செல்யே 1936இல், எலிகளை எந்த வகையில் துன்புறுத்தினாலும் மூன்று மாற்றங்கள் பொதுவாக வருவதைக் காட்டினார்: அட்ரினல் பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் விழுகிறது. இன்று காட்டூர் ஆட்டோ ஸ்டாண்டில்கூடப் புழங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் மருத்துவப் பொருள் இங்கிருந்துதான் பரவியது.

இது எலியின் உடலோடு நிற்கவில்லை. பெருமூச்சை எடுத்துக்கொள்வோம். துக்கத்தில் ஒருவர் தொடர்ந்து பெருமூச்சு விடுகிறார். தேவைக்கு மேல் மூச்சு வெளியேறும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதில் செயல்படும் நிலையிலுள்ள கால்சியம் குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. 'கையெல்லாம் விறுவிறுங்குது, தலை கிறுகிறுங்குது, நெஞ்சைப் புடிக்குது' என்று அந்தப் பெண் சொல்லும்போது அவர் மிகைப்படுத்தவில்லை. நடப்பதை வரிசையாகச் சொல்கிறார். அதேபோல, 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த 'தாகோட்சுபோ' என்ற நிலை. பேரிழப்புச் செய்தி கேட்டவர்களில் சிலருக்கு இதயத்தின் இடது கீழறை, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடியைப் போல ஊதிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. எக்கோவில் தெரியும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது, சிலருக்கு உயிர் போகிறது. நெஞ்சு வெடிப்பது என்பது வெறும் உவமை இல்லை.

ஆக, தொடர்பு இருக்கிறது. அதற்கு வழித்தடமும் இருக்கிறது. சிக்கல், இதை ஒரு கோட்பாடாக்கியபோது வந்தது.

3

புடாபெஸ்டில் பிறந்து சிகாகோவில் பணிபுரிந்த உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், 1950இல் வெளியிட்ட உள-உடல் மருத்துவம் பற்றிய நூலில் ஏழு நோய்களை முன்வைத்தார்: இரைப்பைப் புண், பெருங்குடல் புண், ஆஸ்துமா, இரத்தக் கொதிப்பு, முடக்குவாதம், தோல் அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பு. ஒவ்வொரு நோய்க்கும் குறிப்பிட்ட ஒரு மனப் போராட்டம் உண்டு என்பது அவர் வாதம். வயிற்றுப் புண் உள்ளவர், தன்னை யாராவது அரவணைத்து ஊட்ட வேண்டும் என்ற குழந்தைமை ஏக்கத்தை அடக்கி வைத்திருக்கிறார். ஊட்டப்படுவதற்குக் காத்திருக்கும் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கிறது. வாசிக்க அழகான கோட்பாடு. இலக்கிய விமர்சகனுக்கு எச்சில் ஊறும்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பைச் சுவரில் வாழும் ஒரு சுருள் நுண்ணுயிரியைப் பிரித்து வளர்த்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிருமிதான் பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குக் காரணம் என்பது நிறுவப்பட்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டு வார மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்காக எத்தனை பேர் 'உன் சுபாவம்தான் காரணம்' என்ற பழியைச் சுமந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மனதைக் காரணமாகச் சொல்வது எப்போதும் இரக்கத்தின் பக்கம் நிற்பதில்லை. பல சமயம் அது நோயாளியின் மேல் குற்றத்தைத் திருப்பிப் போடுகிறது.

அப்படியென்றால் கதை முடிந்ததா? முடியவில்லை. இந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. 1995இல் கோபே நகர நிலநடுக்கத்துக்குப் பிறகு வயிற்றுப் புண் கூடியதை ஜப்பானியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி தேவை. ஆனால் கிருமி மட்டும் போதாது.

அப்பாவுக்கு இதுதான் நடந்தது. எண்டோஸ்கோப்பியில் புண்ணும் இருந்தது, கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. எரிச்சல் ஆறவில்லை. 'ஸ்கோப் கிளியரா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: 'ஒண்ணுமில்லன்னா எரியறது எது?' அதற்கு என்னிடமும் பதிலில்லை. ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பு குறித்து எழுதியபோது, மருத்துவரின் கேள்வி மாறிய கணத்தைத்தான் சுட்டிக்காட்டினார். உனக்கு என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு போய், எந்த இடத்தில் என்ற தேடல் வந்தது. இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபோது வலியும் இல்லாததாகிவிடுகிறது.

4

இங்கே இன்னொரு வாதம் குறுக்கே வரும். கீழை நாட்டு மக்களுக்கும், படிக்காதவர்களுக்கும், ஏழைகளுக்கும் தங்கள் மனத்துயரை மனத்துயராகச் சொல்லத் தெரியாது, அதனால்தான் வயிறு, நெஞ்சு, தலை என்று சொல்கிறார்கள் என்பது அந்த வாதம். மேற்கத்திய உளமருத்துவத்தில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. வளர்ந்தவர்கள் உள்ளத்தால் துன்புறுகிறார்கள், மற்றவர்கள் உடலால் துன்புறுகிறார்கள் என்ற படிநிலை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதை உலுக்கிய ஆய்வுகளில் ஒன்று ஆர்தர் கிளைன்மன் சீனாவின் ஹூனானில் செய்தது. 1982இல் வெளியானது. 'நரம்புத் தளர்ச்சி' என்று முத்திரை குத்தப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. மனச்சோர்வு மருந்து கொடுத்தார். அறிகுறிகள் பலருக்குக் குறைந்தன. ஆனால் வேலையிடத்திலும் வீட்டிலும் இருந்த சிக்கல் தீராதவர்கள் நோயாளிகளாகவே தொடர்ந்தார்கள். பண்பாட்டுப் புரட்சியில் சிதைந்த வாழ்க்கைகள் அவை. தலைவலியைப் பற்றிப் பேசலாம், கட்சியைப் பற்றிப் பேச முடியாது. சொல்லத் தெரியாததல்ல பிரச்சனை, சொல்ல முடியாததுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு யாழ்ப்பாணத்தில் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரத்தை இங்கே பலர் 'முறிந்த பனை'யின் நான்கு ஆசிரியர்களில் ஒருவராக மட்டுமே அறிவோம். மற்றொரு ஆசிரியரான ரஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1987 அக்டோபரில் இந்தியப் படை புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் கொன்றது யாழ்ப்பாண மருத்துவமனையில்தான். நோய் தீர்க்கும் இடமே கொலைக்களமான ஊரில் அவர் நோயாளிகளைப் பார்த்தார்.

அவரும் சிவயோகனும் சேர்ந்து பொதுமக்களிடம் நடத்திய கள ஆய்வு 1994இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வந்தது. ஆய்வுக்குட்பட்டவர்களில் போரின் நெருக்கடி எதையும் சந்திக்காதவர்கள் 6 சதவீதம் மட்டுமே. 64 சதவீதம் பேரிடம் உளச்சமூகப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகைகளில் முதலிடம் எதற்கு? போரின் நோய் என்று உலகம் பேசும் மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கடி 27 சதவீதம். பதற்றம் 26. கடும் மனச்சோர்வு 25. இவை எல்லாவற்றையும் தாண்டி, துயரம் உடல் உபாதையாக வெளிப்படுவது 41 சதவீதம். தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு என்று பொது மருத்துவரிடம் வருகிற கூட்டம் இது.

சோமசுந்தரத்தின் பிற்கால எழுத்துகளில் ஒரு நகர்வைக் காணலாம். 1998இல் வந்த நூல் வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014இல் வந்தது வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. தனிமனிதனின் மண்டைக்குள் இருக்கும் கோளாறாக இதைப் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சிதைந்துபோனதன் நோய் இது என்பதே அந்த நகர்வின் பொருள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் உட்காரத் தொடங்கினார்கள். பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமலேயே பலர் இறந்துவிட்டார்கள். அவர்களின் நெஞ்சடைப்பை எந்த வார்டில் சேர்ப்பது? பொது மருத்துவமா, உளமருத்துவமா? இரண்டு வார்டிலும் கிடைக்காத ஒன்றை அல்லவா அவர்கள் கேட்கிறார்கள்.

5

இப்போது அகத்திணைக்கு வருகிறேன். 'எல்லாம் எங்களிடம் அப்போதே இருந்தது' என்று மார் தட்டுவதற்காக அல்ல. அந்தப் பெருமிதத்தால் யாருடைய வயிற்றெரிச்சலும் தணியப் போவதில்லை. ஆனால் வெறியாட்டு என்ற துறையை ஒரு நோய்நாடல் பிரச்சனையாக வாசித்துப் பார்க்கலாம்.

தலைவியின் உடல் மாறுகிறது. பசலை படர்கிறது, வளை நெகிழ்கிறது, உணவு செல்லவில்லை. தாய் பார்க்கிறாள், பதறுகிறாள். வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்க்கிறான், மறி அறுக்கிறான், முருகு அணங்கியது என்கிறான். வேலன் பொய்யன் அல்லன். அவனிடம் கருவி இருக்கிறது, முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. என்ன கேட்டாலும் ஒரே விடை வருகிற கருவி, அவ்வளவுதான். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனையே பிடித்துக்கொள்கிறாள். இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்திருந்தும் கூப்பிட்டவுடன் வந்து நிற்கிறாயே, கடவுளாக இருந்தாலும் நீ அறியாதவன்தான் என்கிற தொனியில் பேசுகிறாள். கிருமி மட்டும் என்பதும், மனசு மட்டும் என்பதும், ஸ்கேனில் இல்லையென்றால் இல்லை என்பதும் என் பார்வையில் அந்த வேலனின் கழங்குகள்தான்.

தோழியிடம் கருவி எதுவும் இல்லை. அவளுக்குக் கதை தெரியும். எந்தத் தினைப்புனம், யார் வந்தான், என்ன வாக்குக் கொடுத்தான், எப்போதிலிருந்து வரவில்லை என்பதெல்லாம் தெரியும். அவள் தலைவியின் உடலை மறுப்பதில்லை. பசலை பசலைதான். அவள் செய்வது அறத்தொடு நிற்றல். உரிய நேரத்தில், உரியவரிடம், சொல்ல வேண்டிய விதத்தில் உண்மையைச் சொல்வது. அதன் விளைவு விளக்கம் அல்ல, வரைவு. நிலைமை மாறினால்தான் நோய் தீரும் என்பது துறையின் அமைப்பிலேயே இருக்கிறது. கிளைன்மன் ஹூனானில் கண்டதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

மெய்ப்பாடு என்ற சொல்லும் நம் கையில் இருக்கிறது. உள்ள நிகழ்வு மெய்யில் படுவது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறார். அழுகைக்கு அவர் தரும் நான்கையும் இன்றைய சொல்லில் சொன்னால்: பிறரால் இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, வறுமை. மூன்றாவதை, பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று பேராசிரியர் விளக்குகிறார். போர்மேனாக இருந்தவர் கேட்டைத் திறந்துவிட எழுந்து நிற்பது இதில் அடங்கும். இந்த நான்கில் ஒன்றுகூட ஆளுக்குள்ளே இருப்பதல்ல. எல்லாம் ஆளுக்கும் உலகத்துக்கும் இடையில் இருப்பவை.

ஆனால் இதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணையில் நிறுத்துகிறது. நுண்மையான காதல் நோய் மேலோருக்கு. வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு இருந்தால் போதும். இந்தப் பங்கீடு இன்றும் தொடர்கிறது. வசதி உள்ளவர்களுக்குக் கவுன்சலிங், கூலிக்காரர்களுக்கு ஊசி. மனசு என்பதேகூட ஒரு வர்க்கச் சலுகையாக விநியோகிக்கப்படுகிறது. பெண்களுக்கு மட்டும் அதைத் தண்டனையாகக் கொடுப்பார்கள்.

6

அம்மாவின் கதையை முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். 'பையனுக்குக் கல்யாணம் பண்ணுங்க, எல்லாம் சரியாப்போயிடும்' என்றும் சொன்னார்கள். முகம் உப்பியது, குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல், குரல் கரகரத்துக் கனத்துப்போனது. 'தொண்டை கட்டிக்கிச்சு' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும், நானும்தான், அதைக் காதில் வாங்கவில்லை. வேறு எதற்கோ இரத்தம் கொடுத்தபோது தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. குரல் மாறுவதும் குளிர் தாங்காததும் மனம் சோர்வதும் அந்த நோயின் பாடப்புத்தக அறிகுறிகள். இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. குரல் திரும்பி வந்துவிட்டது.

'பார்த்தாயா, எல்லாம் உடம்புதான்' என்று இதற்கு முடிவுரை எழுதுவது எளிது. அதுவும் பொய். மாத்திரைக்குப் பிறகும் அம்மாவுக்கு நெஞ்சு பாரம் இருக்கிறது. அப்பா இரவு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அதிகமாக இருக்கிறது. தைராய்டும் இருந்தது, துக்கமும் இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்தது மற்றதை ரத்து செய்துவிடவில்லை.

ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்கப் பொது மருத்துவர் 1977இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் ஒரு மாதிரியாக வகுத்தது. உயிரியல், உளவியல், சமூகம் மூன்றும் எல்லா நோயிலும் ஒருசேர இயங்குகின்றன என்றார். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு தன் ஐந்தாம் பதிப்பில், உடல் அறிகுறிக் கோளாறு என்று சொல்வதற்கு 'மருத்துவக் காரணம் இல்லாதிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைக் கைவிட்டது. உடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து 'மனசு' என்று எழுதக்கூடாது. உடலில் ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காகத் துயரத்தை அழிக்கவும் கூடாது. காகிதத்தில் இது ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும் நம் புறநோயாளர் பிரிவுகளில் இதற்கு இடமே இல்லை. நேரமின்மை மருத்துவரின் குணக்கேடு அல்ல. அது ஒரு அரசியல் ஏற்பாடு.

தமிழில் 'வயிறு எரிந்து சொல்கிறேன்' என்றால் அது செரிமானத்தைப் பற்றியதல்ல, மனநிலை அறிக்கையும் அல்ல. எதிரே நிற்பவர்மீது வைக்கப்படும் வழக்கு. 'பெத்த வயிறு' என்று ஒரு தாய் தொடங்கும்போது கேட்பவருக்கு நடுக்கம் வருவது அதனால்தான். உடல் முறைப்பாடுகளில் பல இப்படி யாரையோ நோக்கிப் பேசுபவை. 'உடம்பா, மனசா?' என்று கேட்டவுடன் அந்த 'யாரையோ' காணாமல் போய்விடுகிறது. வழக்கு, அறிகுறியாகச் சுருங்கிவிடுகிறது.

எனவே நான் முன்வைப்பது எளிமையான ஒன்று. இரத்தப் பரிசோதனையும் வேண்டும், குறிப்பாக 'மனசு' என்று தட்டிக்கழிக்கப்படும் பெண்களுக்கு. கூடவே இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும். எப்போதிலிருந்து? அப்போது என்ன நடந்தது? யாரிடம் இதைச் சொன்னீர்கள்? தோழி அறிந்திருந்ததும் இந்த மூன்றுதான். மருத்துவருக்கு நேரமில்லையென்றால் நாம் வீட்டிலாவது கேட்கலாம்.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பட்டறை மூடிய அன்று தன்னிடம் வெல்டிங் கற்றுக்கொண்ட பையன்கள் ஒருவர்கூட வந்து சொல்லிக்கொள்ளாமல் போனதைச் சொன்னார். எரிச்சல் நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. ராத்திரி கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். ஆனால் போகும்போது, அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது துவாக்குடியில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் கூட்டிப்போக முடியுமா என்றும் கேட்டார்.